கண்ணிவெடியில் கால் இழந்த கணவர்: கோபத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அன்புச் சகோதரிக்கு,

மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் கணவர் போரில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து 11 மாதம் ஆகிறது. செயற்கைக் கால் பொருத்தி 5 மாதம். முதல் இரண்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர், இப்போது மூலையில் சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறார். இரவில் இல்லாத பாதம் எரிகிறது என்கிறார். தூக்கத்தில் கத்துகிறார், உலுக்கி எழுப்பப் போன உங்கள் கையை முறுக்கிவிட்டார். கூப்பிட்டால் பாதி நேரம் பதில் இல்லை. தூக்கம் வர வேண்டும் என்று குடிக்கிறார். 7 வயது மகன் அவர் பக்கத்தில் போகவே பயப்படுகிறான். “அவர் வேறு ஆளாகிவிட்டார், நான் எங்கே தவறு செய்கிறேன்?” என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் தவறு செய்யவில்லை. ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்; அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். “நான் இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி” என்று அவர் இரண்டு முறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குடித்துவிட்டுச் சொன்னது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். தீராத வலி, தூக்கமின்மை, மது மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது அந்தப் பேச்சுக்கு எடை அதிகம். அவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில், மகன் பக்கத்தில் இல்லாதபோது, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலரும் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே இருப்பது வெளியே வர வழி கிடைக்கிறது. ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்று அடுத்துக் கேளுங்கள். வழியும் நேரமும் மனதில் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

அவர் பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது வேறு இடத்துக்குப் போகட்டும். அவர் நம்புகிற பழைய தோழர் ஒருவர் மூலம் செய்தால் அவமானமாகத் தோன்றாது. மாத்திரைகளில் ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் வெளியே இருக்கட்டும், மீதி பூட்டிய இடத்தில். சாக வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்றுவிட்டுத் தணிகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி மற்றவை. “வேறு ஆளாகிவிட்டார்” என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியதற்குள் செயற்கைக் காலின் சாக்கெட் (வெட்டுப்பட்ட கால் உள்ளே நுழையும் கூடு), நரம்பு வலி, காது, தூக்கம், மது, போர் விட்டுப்போன அச்சம் என்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய ஆளும் வேறு. எல்லாவற்றையும் ‘மனசு சரியில்லை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், மனநல மருத்துவரிடம் போன பிறகும் அந்தக் கால் மூலையிலேயேதான் நிற்கும். நான் காலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நன்றாக நடந்துகொண்டிருந்தவர் மூன்றாம் மாதம் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டால், சோம்பேறித்தனம், விரக்தி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். துண்டித்த பிறகு மிஞ்சிய கால்பகுதி, அதாவது ஸ்டம்ப், முதல் 12 முதல் 18 மாதம் வரை சுருங்கிக்கொண்டே வரும். வீக்கம் வடியும், வேலை இல்லாத தசை மெலியும். ஐந்து மாதத்துக்கு முன்னால் அச்செடுத்த சாக்கெட் இன்று தொளதொளவென்று இருக்கும். கால் அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். எடை தாங்க வேண்டிய இடத்தில் தாங்காமல் முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலும், கீழே வெட்டிய எலும்பின் முனையிலும் குத்தும். ஒவ்வோர் அடியிலும் சாக்கெட்டுக்குள் கால் மேலும் கீழும் போய்வர, தோல் உரிந்து புண்ணாகும். இந்த நிலையில் யாரும் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு முதல் மருந்து ஸ்டம்ப் சாக்ஸ். 1, 3, 5 ப்ளை என்று வெவ்வேறு கனத்தில் கிடைக்கும். சில்லின் அடியிலோ ஸ்டம்பின் நுனியிலோ வலித்தால் கால் அதிகம் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு ப்ளை கூட்டிப் பார்க்க வேண்டும். காலே முழுதாக உள்ளே போகவில்லை, மேல் விளிம்பு கவ்விப் பிடிக்கிறது என்றால் ஒன்று குறைக்க வேண்டும். ஒரே நாளில்கூட அளவு மாறும்: காலையில் சரியாக இருந்தது மாலைக்குள் தளர்ந்துவிடும் என்பதால் ஒரு ஜோடி மெல்லிய சாக்ஸ் எப்போதும் பையில் இருக்கட்டும். தையல் நுனியில் மடிப்பு விழாமல் இழுத்துப் போட வேண்டும். ஒரு மடிப்பு போதும், அரை மணி நேரத்தில் கொப்புளம் வரும். எல்லாம் கூட்டிப் பார்க்கும்போது 10 ப்ளையைத் தாண்டிவிட்டது என்றால் இனி சாக்ஸால் ஆகாது. சாக்கெட்டுக்குள் பட்டை ஒட்ட வேண்டும் அல்லது புது சாக்கெட் செய்ய வேண்டும். முதல் வருடத்தில் சாக்கெட் மாற்ற வேண்டி வருவது வழக்கமான விஷயம்தான். முதலில் செய்தது மோசமாகச் செய்தது என்று ஆகாது, நீங்கள் ஏதோ கெடுத்துவிட்டதாகவும் ஆகாது.

கழற்றியவுடன் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டம்பின் பின்பக்கமும் நுனியும் தெரிய ஒரு கைக்கண்ணாடி வேண்டும். சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் மேல் சிவந்திருந்தால் அது எடை தாங்கும் இடம். 10 நிமிடத்தில் மறைந்துவிட்டால் கவலை இல்லை. வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு உருண்டை, முன்னெலும்பின் கூர்முனை, ஸ்டம்பின் நுனி ஆகியவை எடை தாங்கக் கூடாத இடங்கள். அங்கே சிவப்பு 20 நிமிடத்துக்கு மேல் நின்றால் அன்றைக்கு மறுபடி போட வேண்டாம். நுனித் தோல் கருத்து, தடித்து, மரு மாதிரி சொரசொரப்பாகிக்கொண்டு வந்தால் நுனி சாக்கெட்டின் அடியைத் தொடாமல் தொங்குகிறது. அதற்குக் களிம்பு தடவிப் பயன் இல்லை, செயற்கைக் கால் பொருத்துநர்தான் சரிசெய்ய வேண்டும். அவர் சாக்கெட்டின் அடியில் சின்னக் களிமண் உருண்டை ஒன்றைப் போட்டுக் காலை மாட்டி நிற்கச் சொல்வார். உருண்டை அப்படியே வந்தால் இடைவெளி, காகிதம் போல நசுங்கி வந்தால் நுனி இடிக்கிறது.

ஸ்டம்பை இரவில்தான் கழுவ வேண்டும். காலையில் கழுவினால் ஈரத் தோல் ஊறி லைனரோடு (தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே போடும் மெத்தென்ற உறை) ஒட்டி உரியும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். ஒற்றித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவுவது, முடியைச் சிரைப்பது, மாட்டுவதற்கு முன் எண்ணெயோ கிரீமோ போடுவது இவை மூன்றும் வேண்டாம். லைனரையும் தினமும் கழுவிச் சோப்பு முழுக்கப் போகும்வரை அலச வேண்டும்; மிச்சம் நிற்கும் சோப்புதான் பல பேருக்கு அரிப்பாக வருகிறது.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரமுள்ள காலணிக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டது. அந்தக் காலணி இல்லாமல் வெறும் செயற்கைப் பாதத்தோடு வீட்டுக்குள் நடந்தால் முழங்கால் பின்பக்கம் தள்ளப்படும், மேட்டில் ஏறுவது போல இருக்கும். உயரமான குதி போட்டால் முழங்கால் முன்னால் மடியப் பார்க்கும். வீட்டுக்குள்ளும் அதே உயரத்தில் ஒரு சுத்தமான ஜோடி வைத்துக்கொள்ளட்டும். உடல் எடை மூன்று நான்கு கிலோ ஏறினாலோ இறங்கினாலோகூட சாக்கெட் பொருந்தாமல் போகும்.

நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. முழங்கால் மடிந்தே இருந்தால் பின்பக்கத் தசைநார் சுருங்கி, பிறகு காலை நீட்டவே முடியாமல் போகும். அப்படிப்பட்ட காலுக்கு எந்தச் சாக்கெட்டும் சரியாக அமையாது. மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலில் அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் இயன்முறை மருத்துவரை இந்த வாரமே பார்க்க வேண்டும். தினமும் இரண்டு மூன்று முறை, 15 முதல் 20 நிமிடம் குப்புறப் படுக்கட்டும். சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் நீங்கள் வைக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். அன்பாகச் செய்வதில் இது ஒன்றுதான் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. செயற்கைக் கால் போடாத நேரத்தில் ஸ்டம்புக்கு இறுக்கமான ஷ்ரிங்கர் சாக்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீங்கிவிடும். துணிக்கட்டு கட்டுகிறீர்கள் என்றால் எட்டு வடிவில், நுனியில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும். வட்டமாகச் சுற்றிக் கட்டினால் ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும்.

பாதித் தூக்கத்தில் எழுகிறவர் கால் இல்லை என்பதை மறந்து தரையில் ஊன்றி விழுவது மிகவும் சகஜம். கட்டிலின் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை ஒட்டிப் போடுங்கள். இறங்கும்போது கை அதில் படும், நினைவு வரும். ஊன்றுகோல் அதன் மேல், சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். ஸ்டம்ப் மேல் விழுந்து வீங்கினாலோ தையல் தழும்பு பிரிந்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் விட வேண்டாம்.

சாக்கெட் சரியாகி, முடிந்தவரை நடந்தாலே சிலருக்கு இல்லாத பாதத்தின் எரிச்சல் குறைகிறது. அந்த வலி கற்பனை இல்லை. பாதத்துக்கான நரம்பும் மூளையில் அதற்கான இடமும் அப்படியேதான் இருக்கின்றன. செய்தி வராத இடத்தில் மூளை வலியை உண்டாக்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1871-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் எங்கே வலிக்கிறது என்பதை அவரிடம் சரியாகக் கேளுங்கள். இல்லாத விரலில் எரிந்தால் அது ஒன்று. ஸ்டம்பிலேயே ஓர் இடத்தை விரலால் தட்டினால் ஷாக் அடிப்பது போலப் பாய்ந்தால், வெட்டிய நரம்பு நுனியில் கட்டி விழுந்திருக்கலாம். கடினமாக, கல் போலத் தட்டுப்பட்டு வலித்தால், தசைக்குள் புது எலும்பு வளர்ந்திருக்கலாம். குண்டுவெடிப்பில் கால் போனவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. இந்த மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

இல்லாத பாதத்தின் வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது கண்ணாடிப் பயிற்சி. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் முன்வைத்தது. காலிழந்த ராணுவ வீரர்களிடம் தினம் 15 நிமிடமாக 4 வாரம் செய்து பார்த்து, பலன் தந்ததாக 2007-இல் வெளியானது. நீளமான, விளிம்பு கூராக இல்லாத கண்ணாடி ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவே நெடுக்காக நிறுத்துங்கள், பளபளக்கும் பக்கம் நல்ல காலைப் பார்க்கட்டும். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். காலுறையையும் காலணியையும் கழற்றிவிட்டு நல்ல பாதத்தை மெதுவாக மேலே, கீழே, உள்ளே, வெளியே அசைத்து, விரல்களை மடக்கி விரிக்கட்டும். இல்லாத பாதத்தாலும் அதையே செய்ய முயலட்டும். கண்கள் கண்ணாடியிலேயே இருக்க வேண்டும். வேகமாகச் செய்தால் பயன் போய்விடும். முதல் சில தடவை அழுகை வரலாம், தலைசுற்றலாம். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் 5 நிமிடத்தில் தொடங்கட்டும். இரண்டு பாதமும் கண்ணில் தெரிவது சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அவரை வற்புறுத்த வேண்டாம்.

மாத்திரை என்றால் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்றவை மருத்துவர் தருபவை. சாதாரண வலி மாத்திரை இந்த வலியை அவ்வளவாகத் தொடாது. இவற்றில் எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கபாபென்டினோ பிரிகாபலினோ போட்டுக்கொண்டு குடித்தால் மூச்சு மந்தமாகிவிடும் ஆபத்து உண்டு. அவர் குடிப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இது புகார் இல்லை, மருந்தளவு முடிவு செய்ய வேண்டிய தகவல்.

கூப்பிட்டால் பதில் இல்லை என்பதை அவருடைய அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணிவெடி அருகில் வெடித்தால் செவிப்பறை கிழியும், உள்காது பழுதாகும். காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கும். ஒரு காலைப் பறிகொடுத்து வந்தவரிடம் காதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமெட்ரி சோதனை செய்யுங்கள். அதுவரை, முகம் தெரியும்படி எதிரே நின்று பேசுங்கள், பின்னால் இருந்து கூப்பிட வேண்டாம். கூடவே தலைவலி, வெளிச்சம் தாங்காமை, சொன்னதை மறப்பது, சின்ன விஷயத்துக்கு வெடிப்பது இருந்தால் வெடி அதிர்ச்சியில் மூளைக்கும் அடிபட்டிருக்கலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்க வேண்டியதில்லை. நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எழுதினால் ஒன்றை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: உடம்பில் உலோகச் சிதறல் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இரும்புச் சிதறல் நகர்ந்து காயப்படுத்தும், கண்ணருகே இருந்தால் பார்வையே போகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும்.

கெட்ட கனவில் கத்தும்போது தொடாதீர்கள், மேலே குனியாதீர்கள். அவர் அப்போது உங்களோடு அந்த அறையில் இல்லை. தோளைப் பிடிக்கும் கை அவருக்கு எதிரியின் கை. கதவருகே நின்று விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி, “வீட்டில் இருக்கிறீர்கள், நான்தான்” என்று நிதானமான குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விழித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். கையை முறுக்கியது அந்த அரைவிழிப்பில் நடந்தது என்றால் வன்முறை ஆகாது. காலையில் அதைப் பற்றி அவரிடம் அமைதியாகப் பேசி, சில நாள் தனிக் கட்டிலில் படுப்பது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம். ஆனால் முழு விழிப்பில் உங்களையோ மகனையோ அடித்தால் அதற்குப் போரைக் காரணம் காட்ட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகனோடு உடனே வெளியேறிப் போய்த் தங்க ஓர் இடத்தை இப்போதே முடிவு செய்து வைத்திருங்கள்.

மது தூக்கத்தை வரவழைக்கும், ஆனால் பின்னிரவில் கலைத்துவிடும்; கனவுகள் அந்த நேரத்தில்தான் முண்டியடித்து வரும். அதனால் அடுத்த நாள் அளவு கூடுகிறது. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் பாட்டிலைக் கொட்டிவிட்டுச் சவால் விடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே போர் அதிர்ச்சிக்கான சிகிச்சையும் தொடங்க வேண்டும். பிடிஎஸ்டி என்று 1980-இல் மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்ற இந்த நிலைக்கு இன்று நிரூபணமான சிகிச்சைகள் உண்டு. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் முறை, அதைப் பற்றிய தன் முடிவுகளைச் சோதித்துப் பார்க்கும் முறை, கண்ணசைவு முறை என்று வாரம் ஒன்றாகச் சுமார் 8 முதல் 15 அமர்வுகள். செர்ட்ராலின் போன்ற மாத்திரை உதவும். டயசிபாம் வகைத் தூக்க மாத்திரையை இதற்காகக் கேட்டு வாங்காதீர்கள். பழக்கமாகிவிடும், அதிர்ச்சியைத் தீர்க்காது. தொடங்கிய இரண்டு மூன்று வாரம் கனவுகள் கூடலாம். பலர் ‘இது எனக்கு ஆகவில்லை’ என்று எழுந்து வந்துவிடுவது அந்த இடத்தில்தான். அதை முன்பே அவரும் நீங்களும் தெரிந்துவைத்திருந்தால் கடந்துவிடலாம்.

வீட்டில் நீங்கள் செய்யும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். விருந்தாளிகளை வரவேண்டாம் என்கிறீர்கள், மகனை விளையாடாதே என்கிறீர்கள், வெளிவேலை முழுவதையும் நீங்களே சுமக்கிறீர்கள். அவர் அமைதியாக இருக்க வேண்டும் என்று செய்வதுதான். ஆனால் அச்சம் தவிர்க்கத் தவிர்க்கப் பெருகும். ஒரேயடியாக விட்டுவிடாமல், வாரம் ஒன்று திருப்பிக் கொடுங்கள்: ஸ்டம்பைப் பார்ப்பதும் லைனர் கழுவுவதும் அவர் வேலை; கூட்டமில்லாத நேரத்தில் ஒரு கடைக்கு, வாசலைப் பார்த்த இடத்தில் நின்றுகொண்டு, பத்து நிமிடம்.

மகனுக்கு உண்மை தெரிய வேண்டும், அவன் வயதுக்கு வேண்டிய அளவு. “அப்பாவுக்கு அடிபட்டதில் சத்தம் கேட்டால் உடம்பு பயந்துபோகிறது. டாக்டர் பார்க்கிறார். உன்னால் வந்தது இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். செயற்கைக் காலைத் தொட்டுப் பார்க்க, கழற்றுவது எப்படி என்று கேட்க அப்பாவே அழைக்கட்டும். சாக்ஸ் எத்தனை ப்ளை என்று எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனுக்குத் தரலாம்.

கடிதத்தின் கடைசியில், தாம்பத்தியம் நின்றுபோனதைப் பாதி எழுதி அடித்திருக்கிறீர்கள். அது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. மனச்சோர்வும் மதுவும் விருப்பத்தைக் குறைக்கும், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் குறைக்கும், இடுப்புப் பகுதி நரம்புக் காயம் விறைப்பைக் கெடுக்கும். ஸ்டம்பை நீங்கள் பார்ப்பதே அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். மருத்துவரிடம் நேரடியாகச் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியும். படுக்கையில் ஸ்டம்புக்கு அடியில் அந்தச் சமயத்துக்கு மட்டும் ஒரு தலையணை வைத்தால் சமநிலை கிடைக்கும்.

இந்த வாரம் செயற்கைக் கால் பொருத்துநரிடமும் காது மருத்துவரிடமும் நேரம் வாங்குங்கள். கையில் ஒரு தாள்: எத்தனை மணி நேரம் கால் போட்டார், எத்தனை ப்ளை, எங்கே சிவந்தது, வலி எந்த இடத்தில் எந்த நேரத்தில், எத்தனை முறை விழித்தார், எவ்வளவு குடித்தார் என்று ஏழு நாளுக்கு. அவரே எழுதினால் நல்லது. காயமான அன்றைய பதிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். நல்ல காலின் மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, காதுகேளாமை என்று பிறகு வருபவற்றுக்கு உதவித்தொகை கேட்கும்போது, காயத்தோடு தொடர்பு உண்டு என்று காட்டப் போவது அந்தத் தாள்கள்தான். மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது உங்களுக்கும் தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பதினோரு மாதமாக நீங்களும் சரியாகத் தூங்கவில்லை.